கடற்காற்று அடிக்கும் வீட்டுக்குக் கீபோர்டு: 61 கட்டையா, 88 கட்டையா?

முட்டம்காரி

வணக்கம். மகளுக்கு ஒரு கீபோர்டு வாங்க வேண்டும். மகளுக்கு என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பாதி ஆசை எனக்கே. அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு குமரி மாவட்டம் முட்டத்தில், கலங்கரை விளக்கத்துக்குக் கூப்பிடு தூரம். மாடி அறையின் ஜன்னலைத் திறந்தால் கடல்தான்.

இப்போது வீட்டில் இருப்பது ஒல்லிக் கட்டைகள் கொண்ட ஒரு சின்னக் கேசியோ. என் மாமியாரின் தம்பி மஸ்கட்டிலிருந்து எப்போதோ கொண்டு வந்தது. மகள் கிறிஸ்மஸ் பாட்டுகளை யாரும் சொல்லித் தராமலே ஒற்றை விரலால் அதில் தேடிக் கண்டுபிடித்து வாசிக்கிறாள். நான் வாசித்தால் ஒரு விரலுக்கு இரண்டு கட்டை அமுங்குகிறது.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். 61 கட்டை, 600 குரல் (வாத்திய ஒலி), 200 ரிதம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார் கடைக்காரர். எங்கள் பங்குக் கோயிலில் ஆர்கன் வாசிக்கும் பெரியவர், 88 கட்டை இல்லையென்றால் வாங்கவே வேண்டாம், பணம் தண்டம் என்கிறார். என் வீட்டுக்காரர், முதலில் போனில் ஏதாவது செயலியை இறக்கிப் படிக்கட்டும், மூன்று மாதம் தாண்டினால் பார்க்கலாம் என்கிறார். போன் திரையில் பத்து விரலை எங்கே வைப்பது என்று கேட்டால் பதில் இல்லை. தோஹாவில் இருக்கும் என் தம்பி டிசம்பரில் ஊருக்கு வருகிறான். "மாடல் பெயரை மட்டும் அனுப்பு, பெட்டியோடு வருகிறேன்" என்கிறான்.

கையில் இருப்பது இருபதாயிரம். இன்னும் ஓர் ஐந்தாயிரம் புரட்டலாம், அதற்கு மேல் முடியாது.

கீபோர்டில் தொடங்கினால் பிறகு பியானோ வாசிக்க வருமா, அல்லது அது வேறு வித்தையா? நாற்பதைத் தாண்டிய எனக்கும் கை வளையுமா? இன்னொன்று, எங்கள் வீட்டில் இரும்பு எதுவும் நிலைப்பதில்லை. கேட்டுக்கு ஆண்டுதோறும் பெயின்ட். மிக்சியின் அடியிலுள்ள திருகுகள்கூடத் துருப்பிடித்துவிட்டன. இந்தக் காற்றில் ஒரு கீபோர்டு எவ்வளவு காலம் தாங்கும்?

கருங்கல் கீஸ்

அக்கா, 61 போதும். யோசிக்காமல் வாங்குங்கள். டிசம்பர் முழுவதும், வீடுவீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வாசிப்பவன் நான். மற்ற மாதங்களில் கல்யாண வரவேற்புகள். இதுவரை ஒருவரும் என்னிடம் 88 கேட்டதில்லை. ஐந்து ஆக்டேவுக்குள் (ஸ்தாயிக்குள்) அடங்காத பாட்டு நம் கோயிலிலும் இல்லை, மேடையிலும் இல்லை.

88 கட்டை என்றால் நீளம் 130 செ.மீ.யை ஒட்டிப் போகும். எடை பதினொன்று, பன்னிரண்டு கிலோ. 61 கட்டை அநேகமாக ஐந்து கிலோவுக்குள் முடிந்துவிடும். உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். மின்சாரம் போனாலும் கவலை இல்லை, பல மாடல்கள் ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும். கேரல் வண்டியில் எனக்கு அதுதான் உயிர்.

பாடுகிறவர்கள் சுருதியை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 போல நம் நாட்டுக்கென்றே வரும் மாடல்களில் தபலா, தம்புரா எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. டச் ரெஸ்பான்ஸ், அதாவது விரலின் வேகத்துக்கேற்பச் சத்தம் கூடிக் குறைவது, இல்லாவிட்டால் ஆயிற்றா போயிற்றா என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆர்கன் என்றால் மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். கோயிலில் நாம் வாசிப்பது ஆர்கன்தானே?

வடசேரி சாலிடர்

தம்பி, 61 போதும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. டச் ரெஸ்பான்ஸை ஒதுக்கியதில்தான் சண்டை.

நான் வடசேரியில் ஆர்மோனியமும் கீபோர்டும் பழுது பார்க்கிறவன். எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளில் டேப் ரெக்கார்டருக்கும் போர்வைக்கும் நடுவே ஒரு சின்னக் கேசியோ இருக்கும். அவற்றைத் திறந்து பார்த்துத்தான் தொழில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறேன். ஆகவே ஆர்கனைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். குழாய் ஆர்கனில் விரலின் வேகம் ஒலியின் அளவை மாற்றாது, சரி. ஆனால் சகோதரி கேட்டது பியானோ. பியானோ பிறந்ததே அந்தக் குறையைத் தீர்ப்பதற்காக. அதற்கு முன் ஐரோப்பிய வீடுகளில் இருந்த ஹார்ப்சிகார்டு, கட்டையை அழுத்தினால் தந்தியைச் சுண்டும். எப்படி அழுத்தினாலும் ஏறத்தாழ ஒரே சத்தம். 1700-ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்டோபோரி என்பவர், சுண்டுவதற்குப் பதில் சிறு சுத்தியலால் தந்தியைத் தட்டும் பொறியைச் செய்தார். மெல்லத் தட்டினால் மெல்லிய ஒலி, வேகமாகத் தட்டினால் பலத்த ஒலி. இந்த வேறுபாடே தெரியாத கருவியில் பழகிய விரலைக் கொண்டுபோய்ப் பியானோவில் வைத்துப் பாருங்கள். ஒரு சுரம் கத்தும், அடுத்தது கேட்கவே கேட்காது.

கீபோர்டில் சுத்தியல் கிடையாது. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒரு ரப்பர் மொட்டு இருக்கும். அதில் கார்பன் பூசிய இரண்டு தொடுப்புகள். கட்டை கீழே இறங்கும்போது ஒன்று சற்று முன்னால் தொடும், மற்றது சற்றுப் பின்னால் தொடும். இரண்டுக்கும் இடையே கழிந்த நேரத்தை உள்ளிருக்கும் சிப் அளக்கிறது. நேரம் குறைவு என்றால் நீங்கள் வேகமாக அடித்தீர்கள் என்று கணக்கு, சத்தத்தைக் கூட்டிவிடும். டச் ரெஸ்பான்ஸ் என்று விலை சொல்லி விற்பது இதைத்தான்.

மாடல் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் இது இருக்கும் அல்லது இருக்காது. யமஹா பிஎஸ்ஆர்-எஃப்52, இ273 இரண்டிலும் இல்லை, இ373-இல் உண்டு. கேசியோ சிடி-எஸ்200-இல் இல்லை, சிடி-எஸ்300-இல் உண்டு. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் 61 கறுப்பு வெள்ளைக் கட்டைகள்தான். மாடல்களும் வந்துகொண்டே இருக்கும், இ373-க்குப் பிறகு இ383 வந்துவிட்டது. ஆகவே பெட்டியில் அச்சடித்ததைவிட உங்கள் விரலை நம்புங்கள். கடைக்காரரிடம் டெமோ பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். பியானோ குரலை வைத்து, வால்யூமைத் தொடாமல், நடுவில் ஒரே கட்டையை மிக மெதுவாக, பிறகு சாதாரணமாக, பிறகு ஓங்கி அழுத்துங்கள். மூன்று விதமாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால், மெனுவில் டச் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் மாறவில்லையா, அடுத்த கருவிக்கு நகருங்கள்.

கைப்பையில் மகளின் 30 செ.மீ. ஸ்கேலையும் எடுத்துப் போங்கள். ஒரு சி கட்டையின் (இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்த இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டிய வெள்ளைக் கட்டை) இடது ஓரத்திலிருந்து அடுத்த சி கட்டையின் இடது ஓரம் வரை 16.5 செ.மீ. வந்தால் அது பியானோவின் அளவு. உங்கள் சின்னக் கேசியோவை இன்றே அளந்து பாருங்கள், ஒரு விரலுக்கு ஏன் இரண்டு கட்டை அமுங்குகிறது என்று தெரியும்.

600 குரலில் ஐந்நூற்று எண்பதை ஒருவரும் தொட மாட்டார்கள். ஹெலிகாப்டர், துப்பாக்கி, நாய்க் குரைப்பு, கைதட்டல்: முதல் வாரம் வீட்டில் அதுதான் நடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல பியானோ குரல் ஒன்று இருந்தால் போதும். பின்புறம், ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலுக்கும் ஹெட்போனுக்கும் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் பங்குப் பெரியவர் சொல்லும் 88, வெறும் எண்ணிக்கை அல்ல. சுத்தியலின் கனத்தை விரலில் உணரும்படி செய்த எடைக் கட்டை. யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்டு எஃப்பி-10 என்று உண்டு. புதிதாக வாங்கினால் உங்கள் பணத்துக்குள் வராது. அவர் சொன்னது சரியான கருவி. பணம் தண்டம் என்று சொன்னது மட்டும் அதிகப்படி. எடையே இல்லாத 88 கட்டையும் மலிவாகக் கிடைக்கும், எண்ணைக் காட்டி விற்பார்கள். அதற்கு டச் உள்ள நல்ல 61 எவ்வளவோ மேல்.

இனிக் கடற்காற்று. இது என் சோறு, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, ராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து என் மேசைக்கு வரும் கீபோர்டுகளுக்கு நோய் அநேகமாக ஒன்றே. உப்பும் ஈரமும் தூசியோடு சேர்ந்து ரப்பர் மொட்டுக்கும் சர்க்யூட் போர்டுக்கும் நடுவே படிந்துவிடும். இரண்டு தொடுப்பில் ஒன்று மங்கினாலும் சிப்பின் நேரக் கணக்கு குழம்பிவிடும். சில கட்டைகள் ஊமையாகும். சில கட்டைகள் எவ்வளவு மெல்லத் தொட்டாலும் முழுச் சத்தத்தில் அலறும். கருவி செத்துவிட்டது என்று பரணில் போட வேண்டாம். திறந்து, ரப்பர் பட்டையைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தின்னரையும் பெட்ரோலையும் ஊற்றித் தேய்த்துக் கார்பனையே உரித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதுப் பட்டை தேடுவதைத் தவிர வேறு வழியில்லை, பழைய மாடலுக்கு அது கிடைப்பதும் இல்லை.

மாடி அறை வேண்டாம். கீழே, கடலைப் பார்க்காத அறையில், உட்சுவர் ஓரமாக வையுங்கள். தென்மேற்கு மழை தொடங்கினால் நம் சுவர்கள் வியர்க்கும், ஆகவே சுவரோடு ஒட்ட வேண்டாம். தினமும் வாசியுங்கள். என்னிடம் வருபவற்றில் மோசமானவை வாசித்துக் கெட்டவை அல்ல, மாதக்கணக்கில் மூலையில் கிடந்தவை. ஐப்பசியில் இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, அடாப்டரைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள்.

முட்டம்காரி

சார், அளந்து பார்த்தேன். சின்னக் கேசியோவில் 14 செ.மீ.கூட முழுதாக இல்லை. மகளுக்கு ஒரே சிரிப்பு.

இரண்டு கேள்விகள். தக்கலையில் ஒருவர் பழைய யமஹா பி-45, 88 கட்டை, ஸ்டாண்டோடு 22 ஆயிரத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். எடைக் கட்டையே கிடைக்கும்போது புது 61 எதற்கு என்று மனம் அலைகிறது. அடுத்தது வகுப்பு. நாகர்கோவிலோ தக்கலையோ, வாரம் ஒரு நாள் கூட்டிப் போக என்னால் முடியும். கீபோர்டு வகுப்பில் சேர்ப்பதா, பியானோ வகுப்பிலா? என் வீட்டுக்காரர் இன்னும் செயலியை விடவில்லை.

தக்கலை பியானோ டீச்சர்

வகுப்பைப் பற்றி நான் சொல்கிறேன். சேர்க்கும் முன் அந்த ஆசிரியரிடம் சொல்லித் தருவது கீபோர்டா, பியானோவா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு ஒரு பாடத்திட்டம், பியானோவுக்கு வேறொரு பாடத்திட்டம். இரண்டிலும் இனிஷியல், அதன் பிறகு கிரேடு 1 முதல் 8 வரை. பெற்றோர் பலருக்கு இது தேர்வுப் பணம் கட்டும்போதுதான் தெரிய வருகிறது.

கீபோர்டு முறையில் வலது கை பாட்டை வாசிக்கும். இடது கை மூன்று விரலால் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, பிடித்துக்கொண்டிருக்கும். தாளத்தையும் பேஸையும் (அடித்தள ஒலியையும்) இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அதுவும் நல்ல வித்தைதான், கருங்கல் தம்பியின் பிழைப்பே அதில் இருக்கிறது. ஆனால் பியானோவில் இடது கைக்கும் சொந்தப் பாட்டு உண்டு. ரிதத்தோடு மட்டுமே பழகிய பிள்ளை, செண்டை மேளத்தின் பின்னால் ஊர்வலம் போகிறவரைப் போல. மேளம் நின்றால் கால் தடுமாறும். கீபோர்டில் சில கிரேடுகள் முடித்துவிட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு இடது கையை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஆகவே 61 கட்டைக் கீபோர்டையே வாங்கினாலும் அதில் பியானோ படிக்கலாம். முதல் ஓராண்டு ரிதம் பட்டன்களின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். டிரான்ஸ்போஸ் பட்டனுக்கும் ஒன்று. சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை மட்டும் விட்டுவையுங்கள், நிமிடத்துக்கு 60 தட்டு.

உயரம் மிக முக்கியம், ஒருவரும் கவனிப்பதில்லை. சாப்பாட்டு மேசை மேல் கீபோர்டை வைத்தால் பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டு வாசிப்பாள். கட்டிலில் வைத்துச் சம்மணம் போட்டு வாசிக்கிற வீடுகளும் உண்டு, அங்கே மணிக்கட்டு மடங்கிக் கிடக்கும். முழங்கை, வெள்ளைக் கட்டைகளின் மட்டத்தில் இருக்க வேண்டும். உயரம் மாற்றக்கூடிய எக்ஸ் வடிவ ஸ்டாண்டு வாங்குங்கள். மகளின் கால் தரையைத் தொடவில்லை என்றால் அடியில் ஒரு பலகை போடுங்கள். நகத்தை வெட்டுங்கள், கட்டை மேல் நகம் தட்டும் சத்தம் கேட்டாலே நான் பாடத்தை நிறுத்திவிடுவேன்.

இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் இடத்தில், இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை சி. 61 கட்டையில் இடமிருந்து மூன்றாவது சி நடு சி, 88-இல் நான்காவது. கட்டைகள் மேல் எழுத்து ஒட்டாதீர்கள். ஸ்டிக்கரைப் பட்டனில் ஒட்டத்தான் சொன்னேன். கட்டையில் எழுத்து இருந்தால் கண் இசைக்குறிப்புத் தாளுக்குப் போகாது.

விரல் எண்: கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. சி-யிலிருந்து ஏறும்போது வலது கை 1 2 3, அங்கே கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியால் நுழைந்து மறுபடி 1 2 3 4 5. இடது கை 5 4 3 2 1, அங்கே நடுவிரல் கட்டைவிரலைத் தாண்டி 3 2 1. முதலில் ஒவ்வொரு கையும் தனியாக. சேர்க்கிற வாரத்தில் அழுகை வரும், பெரியவர்களுக்கும் வரும். நீங்கள் பாட்டு கற்றவர் என்றால், சி-யை ஸட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளில் மட்டும் ஏறி இறங்கினால் அது சங்கராபரணம். சரளி வரிசைக்கு மாயாமாளவகௌளை வேண்டுமானால் சி, டி ஃப்ளாட், இ, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி (ஃப்ளாட் என்றால் இங்கே அதன் இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டை). கமகத்தை மட்டும் கட்டையிடம் எதிர்பார்க்காதீர்கள்.

நாற்பதுக்கு மேல் கை வளையும். தாளைப் படிப்பது பெரியவர்களுக்குச் சிறுவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடுகிறது, விரல்தான் பின்தங்கும். தினம் இருபது நிமிடம் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்து உட்காருவதால் பயன் இல்லை. வேகத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். 2019-இல் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றாலும் வென்றார், அடுத்த மாதமே "எப்போது அந்த வேகம் வரும்" என்று பெற்றோர் வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பையன் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், செயலியும் பயன்படும், ஆனால் கருவி வந்த பிறகு. போனைத் தாள் தாங்கியில் நிறுத்தினால் அது மைக் வழியாகக் கேட்டுத் தவறான சுரத்தைச் சொல்லிவிடும். மணிக்கட்டு தொங்குவது அதற்குத் தெரியாது.

என் பிள்ளைகளுக்குக் கிரேடு 2, 3 வரை 61 கட்டை தடையாக இருந்ததில்லை. அதன் பிறகு பெடல் வேலையும் மெல்லிய வாசிப்பும் அதிகமாகும். அப்போது எடைக் கட்டைக்கு மாறுங்கள்.

வடசேரி சாலிடர்

பழைய பி-45 பற்றி. நல்ல கருவி, பழுது பார்க்கவும் எளிது. 22 ஆயிரம் நியாயமா என்பது உள்ளே இருக்கும் நிலையைப் பொறுத்தது. முதலில் கருவியைத் திருப்பிப் போட்டு அடியிலுள்ள திருகுகளைப் பாருங்கள். துரு ஏறியிருந்தால் உள்ளேயும் ஏறியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மெல்ல ஒரு முறை, ஓங்கி ஒரு முறை. விற்பவர் சலித்துக்கொள்வார், விடாதீர்கள். நடுவிலுள்ள மூன்று ஆக்டேவை இன்னும் கவனமாகப் பாருங்கள், எல்லோரும் வாசித்துத் தேய்ப்பது அங்கேதான். கருவியை அணைத்துவிட்டுக் கட்டைகளை அழுத்துங்கள். மெத்தென்று கீழே போக வேண்டும். ஒரு சில மட்டும் "டக் டக்" என்று இடித்தால் உள்ளே மெத்தைப் பட்டை போயிருக்கும். ஹெட்போன் மாட்டி இரண்டு காதிலும் கேட்கிறதா என்று பாருங்கள்.

அடாப்டர் அதனுடையதுதானா என்று கேளுங்கள். யமஹாவுக்கு 12 வோல்ட், நடுமுனை பிளஸ். பழைய கேசியோக்கள் பலவற்றுக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். முனை உள்ளே நுழைகிறது என்பதற்காக உங்கள் சின்னக் கேசியோவின் அடாப்டரைப் புதுக் கருவியில் மாட்டிவிட வேண்டாம். பி-45-இல் பேட்டரி போட இடம் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

தோஹாத் தம்பியிடம் கருவி வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கும் ஏறத்தாழ நம் ஊர் வோல்ட்டேஜ்தான், பிளக்கை மாற்றினால் ஓடும். ஆனால் அங்கே கொடுக்கும் வாரன்டி இங்கே செல்லாது என்று இங்குள்ள சர்வீஸ் மையத்தில் கைவிரித்துவிட்டால் நீங்கள் வந்து நிற்கப் போவது என் கடையில்தான். அவரிடம் காதை முழுதாக மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று கேளுங்கள். மகள் ஒரே வரியை நூறு முறை வாசிக்கும்போது வீட்டில் அமைதிக்கு அது தேவைப்படும்.

கருங்கல் கீஸ்

அண்ணன் சொன்ன டச் விஷயத்தில் தோற்றுவிட்டேன், சரி. டீச்சர் சொன்ன ஸ்டிக்கர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது அதைக் கழற்றுங்கள் அக்கா. ஒரு ரிதத்தைப் போட்டு இரண்டு பாட்டு வாசித்துக் குதிக்காவிட்டால் பிள்ளை எதற்காக மற்ற ஆறு நாள் உட்காருவாள்?

தக்கலை பியானோ டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு, அரை மணி நேரம். ஒப்புக்கொள்கிறேன்.

முட்டம்காரி

தக்கலைக்குப் போய்ப் பார்த்தோம். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். திருப்பிப் போட்டால் திருகெல்லாம் செம்மண் நிறம். மகள்தான் ஒவ்வொரு கட்டையாக அழுத்தினாள். இடப்பக்கம் ஒன்று பேசவில்லை; நடுவில் இரண்டு, சார் சொன்னபடியே, எப்படித் தொட்டாலும் அலறின. பதினைந்துக்குத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் 61 கட்டை, டச் உள்ளது, புதிதாக வாங்கினோம். ஸ்கேலை எடுத்து அளந்தபோது கடைப் பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான், 16.5 சரியாக வந்தது. ஸ்டாண்டும் பெடலும் சேர்த்து நான் சொன்ன பணத்துக்குள் முடிந்துவிட்டது. மீதியை வகுப்புக்கு வைத்திருக்கிறேன். டீச்சர், தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். மகளுக்கு ஒரு நேரம், எனக்கு ஒரு நேரம் வேண்டும்; சேர்ந்து உட்கார்ந்தால் அவள் என்னைத் திருத்திக்கொண்டே இருப்பாள்.

ஹெலிகாப்டர் குரலைக் கண்டுபிடித்தது மகள் அல்ல, என் வீட்டுக்காரர். மூன்று நாளாக அதுதான் கேட்கிறது.

கடையில் ரெக்சினில் ஒரு கவர் இலவசமாகக் கொடுத்தார்கள். வாசித்து முடித்ததும் அதைப் போட்டு மூடி வைக்கலாமா?

வடசேரி சாலிடர்

ரெக்சின் கவரை வெளியே எடுத்துப் போகும்போது மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டில் அதைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்துப் போர்த்தினால் போதும், வாரம் ஒரு முறை துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். கீபோர்டுக்குப் பக்கத்தில் முறுக்கு, மிக்சர் தின்ன யாரையும் விடாதீர்கள், ஹெலிகாப்டர் ஓட்டுகிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஸ்பீக்கர் துளை வழியாக எறும்பு போனால் முழுவதையும் கழற்ற வேண்டிவரும்.